கோ, கார்கோ, பிப்எக்ஸ், கபால், மேக்: சோர்ஸிலிருந்து நிறுவும்போது எது எங்கே மாட்டும்

ஒரு நிரலின் சோர்ஸோடு (மூல நிரலோடு) வரும் ரீட்மி கோப்பில் நிறுவும் முறை பெரும்பாலும் ஒற்றை வரிதான்: ‘கார்கோ இன்ஸ்டால்’, ‘கோ இன்ஸ்டால்’, ‘பிப் இன்ஸ்டால்’, ‘என்பிஎம் இன்ஸ்டால்’. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று அரை நிமிடத்தில் முடியும்; இன்னொன்று அரை மணி நேரம் ஓடிவிட்டுக் கடைசிப் படியில் லிங்கர் பிழையோடு நிற்கும். மொழி நல்லதா கெட்டதா என்பதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. பார்க்க வேண்டியவை மூன்று. தேவையான பதிப்புக் கம்பைலரை (மூல நிரலை ஓடும் கோப்பாக மாற்றுவது) நிறுவும் கருவியே கொண்டுவருமா? எழுதியவர் சோதித்துப் பார்த்த அதே டிபென்டென்சி பதிப்புகள், அதாவது நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பதிப்புகள், உங்களுக்கும் வருமா? உள்ளே எங்காவது சி லைப்ரரி இருக்கிறதா? நேரத்தை அதிகம் தின்பது மூன்றாவதுதான்.

இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கம்பைல் செய்யும் முன்

முதலில் கம்பைல் செய்யத்தான் வேண்டுமா என்று பாருங்கள். உங்கள் டிஸ்ட்ரோவின் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) களஞ்சியத்தில் ஓரளவு புதிய பதிப்பு இருந்தால் ஏபிடி, டிஎன்எஃப், பேக்மேன் எதிலாவது நிறுவிவிட்டு வேலையைப் பாருங்கள். இல்லாவிட்டால் திட்டத்தின் ரிலீஸ் பக்கத்தில் தயார் பைனரி (நேரடியாக ஓடும் கோப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாதபோதுதான் கீழே உள்ளதெல்லாம்.

எந்தக் கருவி என்பதை ரீட்மியை விடத் திட்டத்தின் மேல் ஃபோல்டரே தெளிவாகச் சொல்லும். கார்கோ.டாமல் இருந்தால் ரஸ்ட். கோ.மாட் என்றால் கோ. பைப்ராஜெக்ட்.டாமல் என்றால் பைத்தான். பேக்கேஜ்.ஜேசன் என்றால் நோட். ஸ்டாக்.யாமல் அல்லது .கபால் கோப்பு என்றால் ஹாஸ்கல். சிமேக்லிஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி, மெசான்.பில்ட், கான்ஃபிகர்.ஏசி இவற்றில் ஒன்று இருந்தால் சி அல்லது சி++. இரண்டு வகைக் கோப்புகள் சேர்ந்திருந்தால், உதாரணமாகப் பைத்தான் திட்டத்துக்குள் கார்கோ.டாமல் இருந்தால், இரண்டு கம்பைலரும் தேவைப்படலாம் என்று கணக்கில் வையுங்கள்.

எந்த மொழியாக இருந்தாலும் அடிப்படைத் தொகுப்பு ஒன்றை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. டெபியன், உபுன்டுவில் பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், கிட். ஃபெடோராவில் ஜிசிசி, ஜிசிசி-சி++, மேக், பிகேஜிகான்ஃப், கிட். மேக்ஓஎஸ்ஸில் ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’. ரஸ்டுக்கு எதற்கு சி கம்பைலர் என்று தோன்றலாம். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர் வேலையை ரஸ்ட் ‘சிசி’ கட்டளையிடம்தான் ஒப்படைக்கிறது. அது இல்லாவிட்டால் ‘லிங்கர் சிசி நாட் ஃபவுண்ட்’ என்று முதல் லைப்ரரியிலேயே நிற்கும்.

அடுத்தது பாத் மாறி, அதாவது ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். நிறுவல் வெற்றி என்று வந்த பிறகும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வந்தால் பத்துக்கு ஒன்பது முறை இதுதான் காரணம். கார்கோ தன் பைனரியை ~/.கார்கோ/பின் ஃபோல்டரில் வைக்கும், கோ ~/கோ/பின் ஃபோல்டரில். பைத்தானின் பிப்எக்ஸ், யுவி, ஹாஸ்கலின் ஸ்டாக் ஆகியவை ~/.லோக்கல்/பின் ஃபோல்டரில் வைக்கும். மூன்றையும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரே தடவை சேர்த்துவிடுங்கள். டெபியன் வகைகளில் ~/.லோக்கல்/பின் தானாகச் சேரும், ஆனால் லாகின் செய்யும்போது அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே. ஆகவே முதல் நிறுவலுக்குப் பின் ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். புதிய பதிப்பைப் போட்ட பின்பும் பழையதே ஓடினால் ‘டைப் -ஏ’ போட்டு அதே பெயரில் எத்தனை பைனரி இருக்கிறது என்று பாருங்கள். பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும். ‘ஹாஷ் -ஆர்’ அதை மறக்கச் செய்யும்.

கோ: பெரும்பாலும் சிக்கலில்லை

கட்டளை: ‘கோ இன்ஸ்டால்’, பிறகு திட்டத்தின் முழு முகவரி, கடைசியில் @லேட்டஸ்ட் அல்லது குறிப்பிட்ட பதிப்பு எண். இந்த வடிவம் 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பிலிருந்து உண்டு. பழைய வழிகாட்டிகளில் உள்ள ‘கோ கெட்’ 1.18 முதல் பைனரி உருவாக்காது. அதைப் பின்பற்றிவிட்டு நிரல் எங்கே போனது என்று தேட வேண்டாம்.

முகவரி மெயின் பேக்கேஜ் இருக்கும் ஃபோல்டர் வரை போக வேண்டும். பல திட்டங்களில் அது சிஎம்டி ஃபோல்டருக்குள் இருக்கும். இரண்டாம் பதிப்புக்கு மேல் போன திட்டமானால் முகவரியில் /வி2, /வி3 என்று வரும். அதை விட்டுவிட்டால் பிழை எதுவும் வராது, பல வருடம் பழைய முதல் பதிப்பு சத்தமில்லாமல் நிறுவப்பட்டுவிடும்.

கோ எளிதாக இருப்பதற்குக் காரணம், டிபென்டென்சி பதிப்புகளைக் கோ.மாட் கோப்பே தீர்மானிப்பதுதான். எழுதியவர் குறிப்பிட்ட குறைந்தபட்சப் பதிப்புதான் உங்களுக்கும் வரும், நேற்று வெளியான புதிய பதிப்பு தானாக உள்ளே நுழையாது. 1.21 பதிப்பிலிருந்து, திட்டம் கேட்கும் கம்பைலர் உங்களிடம் இருப்பதை விடப் புதியதானால் கோ அதைத் தானே இறக்கிக்கொள்ளும். அதற்கு முந்தைய கோ இருந்தால்தான் தொல்லை. டெபியன் 12 தரும் 1.19 பதிப்பு, கோ.மாட்டில் 1.21.0 என்ற வரியைப் பார்த்தால் ‘இன்வேலிட் கோ வெர்ஷன்’ என்று சொல்லி நிற்கும். அதைப் படிப்பவர் திட்டத்தின் கோப்பில்தான் தவறு என்று நினைப்பார். உண்மையில் கோ பழையது. அதிகாரபூர்வ தளத்திலிருந்து புதிய டார் கோப்பை இறக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல்/கோ ஃபோல்டரில் விரித்தால் போதும்.

மாட்டும் இடங்கள் இரண்டு. கோ.மாட்டில் ரிப்ளேஸ் வரி இருந்தால் ‘கோ இன்ஸ்டால்’ மறுத்துவிடும். அப்போது கிட் மூலம் குளோன் செய்து, உள்ளே போய் ‘கோ பில்ட்’ கொடுங்கள். இன்னொன்று சிகோ, அதாவது சி நிரலை உள்ளே இழுக்கும் திட்டங்கள். எஸ்க்யூலைட் பயன்படுத்துபவை அடிக்கடி இப்படி. சிகோ_எனேபிள்ட்=0 என்று வைத்து முயலலாம்; சி பகுதிக்கு மாற்று இருக்கும் திட்டங்களில் அது வேலை செய்யும், மற்றவற்றில் கம்பைல் ஆகாது. சில சமயம் கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது நின்றுவிடும், ஆகவே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ரஸ்ட்: --லாக்டு போடுவதா வேண்டாமா

டிஸ்ட்ரோவின் ரஸ்ட்சி கம்பைலரை நம்பாதீர்கள். டெபியன் 12ல் இருப்பது 1.63. இன்றைய பல திட்டங்கள் ரஸ்ட் மொழியின் 2024 எடிஷனில் (மொழி விதிகளின் தொகுப்பு) எழுதப்படுகின்றன. அதற்குக் குறைந்தபட்சம் 1.85 வேண்டும். பழைய கார்கோ அதைப் பார்த்தால் ‘எடிஷன்2024 இஸ் ரிக்வயர்ட்’ என்று சொல்லும். ரஸ்டின் அதிகாரபூர்வ நிறுவியான ரஸ்ட்அப் மூலம் நிறுவுங்கள். வட்டில் இடம் குறைவானால் --ப்ரொஃபைல் மினிமல் கொடுத்தால் ஆவணங்கள் இறங்காது.

பிறகு ‘கார்கோ இன்ஸ்டால் --லாக்டு’, அடுத்து பெயர். பேக்கேஜின் பெயரும் கட்டளையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: ரிப்கிரெப் நிறுவினால் கிடைக்கும் கட்டளை ஆர்ஜி. எஃப்டி கட்டளை வேண்டுமானால் எஃப்டி-ஃபைண்ட் என்று கேட்க வேண்டும். ‘நோ பைனரீஸ்’ என்று வந்தால் நீங்கள் கேட்டது லைப்ரரி; பெயரைச் சரிபாருங்கள்.

--லாக்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுதியவர் கார்கோ.லாக் கோப்பை (டிபென்டென்சிகளின் துல்லியமான பதிப்புகளைப் பூட்டி வைக்கும் பட்டியல்) அனுப்பியிருந்தாலும், ‘கார்கோ இன்ஸ்டால்’ இயல்பாக அதைக் கண்டுகொள்ளாது. அன்றைய தேதிக்குப் பொருந்தும் புதிய டிபென்டென்சிகளை எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை நிறுவ முடிந்த கருவி இன்று திடீரென்று கம்பைல் ஆகாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். --லாக்டு போட்டால் அவர் சோதித்த அதே தொகுப்பு வரும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலையில் ரஸ்ட் 1.80 வந்தபோது டைம் என்ற லைப்ரரியின் பழைய பதிப்புகள் கம்பைல் ஆகாமல் போயின. பழைய லாக் கோப்போடு வந்த கருவிகள் எல்லாம் ‘டைப் அனோட்டேஷன்ஸ் நீடட்’ என்ற பிழையில் விழுந்தன. அந்த நிலையில் --லாக்டை எடுத்துவிட்டால் நிறுவல் முடிந்துவிடும். ஆக முறை இது: முதலில் --லாக்டோடு முயலுங்கள். பிழை அந்தக் கருவியின் நிரலில் இல்லாமல் ஏதோ டிபென்டென்சியில் வந்தால் --லாக்டு இல்லாமல் முயலுங்கள். அதிலும் விழுந்தால் ரஸ்ட்அப்பில் கொஞ்சம் பழைய டூல்செயினை (கம்பைலரும் கார்கோவும் சேர்ந்த தொகுப்பு) இறக்கி, கார்கோவுக்குப் பின் +1.79 என்பதுபோல எண் கொடுத்து ஓட்டுங்கள்.

சி லைப்ரரி சிக்கல் இங்கே பெரும்பாலும் ஓபன்எஸ்எஸ்எல் வடிவில் வரும். ஓபன்எஸ்எஸ்எல்-சிஸ் என்ற பெயர் பிழைச்செய்தியில் தெரிந்தால், டெபியனில் லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஃபெடோராவில் ஓபன்எஸ்எஸ்எல்-டெவல் போடுங்கள். பிகேஜி-கான்ஃபிக் இல்லாவிட்டால் லைப்ரரி இருந்தும் ‘காணவில்லை’ என்றே சொல்லும்.

இன்னொரு விசித்திரம்: வட்டில் தாராளமாக இடம் இருக்கும்போதே ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ வரும். கார்கோ இன்ஸ்டால் தன் இடைக்காலக் கோப்புகளை /டெம்ப் ஃபோல்டரில் குவிக்கிறது. ஃபெடோரா, ஆர்ச், டெபியன் 13 ஆகியவற்றில் அந்த ஃபோல்டர் ராமில் இருக்கிறது. கார்கோ_டார்கெட்_டிஐஆர் மாறியை வட்டில் உள்ள ஒரு ஃபோல்டருக்குத் திருப்பினால் தீர்ந்தது. அதே ஃபோல்டரை எப்போதும் வைத்துக்கொண்டால் பொதுவான டிபென்டென்சிகளை மறுபடி கம்பைல் செய்யும் நேரமும் குறையலாம். ராம் குறைந்த கணினியில் -ஜே 2 கொடுங்கள்.

கம்பைல் செய்யும் பொறுமை இல்லையென்றால் கார்கோ-பின்ஸ்டால் உண்டு. அது முதலில் ரிலீஸ் பக்கத்தில் தயார் பைனரி தேடும்.

பைத்தான்

உபுன்டு 23.04, டெபியன் 12 முதல் ‘பிப் இன்ஸ்டால்’ கொடுத்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று மறுக்கும். பலர் உடனே --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் போட்டுத் தாண்டுகிறார்கள். அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பயன்படுத்தும் லைப்ரரிகளோடு உங்களுடையது மோதும், பாதிப்பு வேறெங்கோ தலைகாட்டும்.

கட்டளைக் கருவிகளுக்கு பிப்எக்ஸ் அல்லது யுவி பயன்படுத்துங்கள். இரண்டும் ஒவ்வொரு கருவிக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத பைத்தான் ஃபோல்டர்) அமைத்து, கட்டளையை மட்டும் ~/.லோக்கல்/பின் ஃபோல்டரில் இணைக்கும். ‘பிப்எக்ஸ் இன்ஸ்டால்’ அல்லது ‘யுவி டூல் இன்ஸ்டால்’, அடுத்து பெயர். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு யுவியைச் சொல்வோம்: வேகத்துக்காக மட்டுமல்ல, --பைத்தான் 3.12 என்று கேட்டால் அந்தப் பைத்தானையே இறக்கித் தந்துவிடும். பிப்எக்ஸ் பெரும்பாலும் சிஸ்டம் பைத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரோ மேம்பட்டுப் பைத்தான் 3.11லிருந்து 3.13க்குத் தாவினால் நிறுவியவை அனைத்தும் ஒரே நாளில் உடையும். ‘பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்’ சரிசெய்யும்.

பைத்தானின் பலவீனம் பூட்டப்படாத பதிப்புகள். எழுதியவரிடம் லாக் கோப்பு இருந்தாலும் இந்த நிறுவல் வழியில் அது உங்களை வந்து சேராது. 2024 ஜூனில் நம்பை என்ற லைப்ரரியின் 2.0 பதிப்பு வந்தபோது மேல் வரம்பு போடாத எத்தனையோ கருவிகள் நிறுவப்பட்டும் ஓடாமல் போயின. மருந்து: ‘யுவி டூல் இன்ஸ்டால்’ கட்டளையில் --வித் கொடுத்து, மேற்கோள் குறிக்குள் ‘நம்பை<2’. குறி இல்லாவிட்டால் ஷெல் அந்த < குறியை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். அதேபோல் பழைய கருவி ‘டிஸ்ட்யூடில்ஸ் மாட்யூல் இல்லை’ என்றால், பைத்தான் 3.12ல் அது நீக்கப்பட்டுவிட்டது என்று பொருள். செட்அப்டூல்ஸைக் கூடவே சேருங்கள், அல்லது 3.11ல் நிறுவுங்கள்.

‘பைத்தான்.ஹெச் இல்லை’ என்றோ ‘ஃபெயில்டு பில்டிங் வீல்’ என்றோ வந்தால், உங்கள் பைத்தான் பதிப்புக்கோ கணினி வகைக்கோ தயார் வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) இல்லை, அதனால் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யப் பார்க்கிறது. உடனே பைத்தான்3-டெவ் போட்டுப் போராடுவதை விட, ஒரு பதிப்பு பழைய பைத்தானில் முயல்வது எளிது. பைத்தானின் புதிய பதிப்பு வெளியான முதல் சில மாதங்களில் பல லைப்ரரிகளுக்கு வீல் இருக்காது. ஆல்பைன் லினக்ஸில் நிலைமை வேறு. அங்கே சி லைப்ரரி மஸ்ல் என்பதால் மஸ்ல்லினக்ஸ் வீல் தனியாக வேண்டும்.

நோட்

‘என்பிஎம் இன்ஸ்டால் -ஜி’ கொடுத்து ‘ஈஆக்ஸஸ்’ பிழை வந்தால் சூடோ போடாதீர்கள். நிறுவும்போது பேக்கேஜ்கள் தங்கள் ஸ்கிரிப்டை ஓட்டும். அதற்கு ரூட் அதிகாரம் கொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. ‘என்பிஎம் கான்ஃபிக் செட் ப்ரீஃபிக்ஸ்’ மூலம் வீட்டு ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் கொடுத்து, அதன் பின் ஃபோல்டரைப் பாத்தில் சேருங்கள். நோட் பதிப்புகளை மாற்றித்தரும் என்விஎம் பயன்படுத்தினால் குளோபல் பேக்கேஜ்கள் ஒவ்வொரு நோட் பதிப்புக்கும் தனி. பதிப்பு மாற்றியதும் கருவி காணாமல் போனது போலத் தெரியும். நோட்-ஜிப் பெயர் பிழையில் வந்தால் தயார் பைனரி கிடைக்கவில்லை, பைத்தானும் சி++ கம்பைலரும் மேக்கும் கேட்கிறது. நோட் பதிப்பு பொருந்தவில்லை என்னும் ‘ஈபேட்எஞ்சின்’ வெறும் எச்சரிக்கைதான், ஆனால் ஓடும்போது உடைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

ஹாஸ்கல்: கபாலா ஸ்டாக்கா

ஒரே மொழிக்கு இரண்டு போட்டிக் கருவிகள் இருப்பது இங்கே நிறுவுபவருக்கு நேரடியாகத் தெரியும். கபால், ஹேக்கேஜ் களஞ்சியத்தில் உள்ள பதிப்புகளில் ஒன்றுக்கொன்று பொருந்துபவற்றைத் தானே கணக்கிடும். ஸ்டாக் 2015ல் வந்தது. ஒன்றாகச் சோதிக்கப்பட்ட பதிப்புகளின் தொகுப்பு ஒன்றை ஸ்டாக்.யாமல் சுட்டும், அதற்கான ஜிஹெச்சி கம்பைலரையும் ஸ்டாக்கே இறக்கும். பிறர் எழுதிய திட்டத்தில் ஸ்டாக்.யாமல் பராமரிப்பில் இருந்தால் ‘ஸ்டாக் இன்ஸ்டால்’ போதும். விலை, வட்டில் பல ஜிகாபைட். தொகுப்பு கேட்கும் ஜிஹெச்சி பதிப்பு மாறும்போதெல்லாம் இன்னொரு ஜிஹெச்சி வந்து அமரும்.

கபால் வழியில் முதலில் ஜிஹெச்சிஅப் மூலம் ஜிஹெச்சியும் கபாலும் போட்டு, ‘கபால் அப்டேட்’ ஓட்டுங்கள். இதை மறந்தால் பேக்கேஜே இல்லை என்று சொல்லும். பிறகு ‘கபால் இன்ஸ்டால்’. ஆவண வடிவங்களை மாற்றும் பான்டாக் வேண்டுமானால் 3.0 முதல் பான்டாக்-சிஎல்ஐ என்று கேட்க வேண்டும். பான்டாக் என்ற பெயரில் இருப்பது இப்போது லைப்ரரி மட்டும். ‘ரிஜெக்டிங்: பேஸ்-4.18’ என்று நீளமாகப் பிழை வந்தால், உங்கள் ஜிஹெச்சி அந்தத் திட்டத்துக்கு மிகப் புதியது. ஜிஹெச்சியோடு வரும் அடிப்படை லைப்ரரியான பேஸ் 4.18 என்பது ஜிஹெச்சி 9.6, 4.17 என்பது 9.4. பழையதை இறக்கி -டபிள்யூ மூலம் சுட்டுங்கள். --அலோ-நியூவர் போட்டு வரம்பை மீறவும் முடியும், சில நேரம் அதிர்ஷ்டம் கைகொடுக்கும். ‘-எல்ஜிஎம்பி காணவில்லை’ என்றால் லிப்ஜிஎம்பி-டெவ். ஜிஹெச்சி ராமை நிறையவே எடுக்கும். சிறிய சர்வரில் -ஜே1 இல்லாமல் தொடங்க வேண்டாம்.

சி, சி++

ஆட்டோடூல்ஸ் திட்டமானால் ‘./கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘சூடோ மேக் இன்ஸ்டால்’. கிட்டிலிருந்து எடுத்ததில் கான்ஃபிகர் கோப்பு இருக்காது. ‘ஆட்டோரீகான்ஃப் -ஐ’ அதை உருவாக்கும். ரிலீஸ் டார் கோப்பில் அது தயாராக வரும், ஆனால் அதில் இருப்பது கிட்டில் இருப்பதேதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது: 2024ல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்தப்பட்ட பின்கதவை இயக்கிவைத்த எம்4 கோப்பு டார் கோப்பில் மட்டுமே இருந்தது. சிமேக் திட்டமானால் ‘சிமேக் -பி பில்ட்’, ‘சிமேக் --பில்ட் பில்ட்’, ‘சிமேக் --இன்ஸ்டால் பில்ட்’. மெசானில் ‘மெசான் செட்அப் பில்ட்’, பிறகு நின்ஜா.

மூன்று வழியிலும் ப்ரீஃபிக்ஸை (எங்கே நிறுவுவது என்னும் ஃபோல்டர்) மாற்றிக்கொள்ளுங்கள். ~/.லோக்கல் போதுமானது, சூடோ தேவைப்படாது.

இங்கே டிபென்டென்சியைக் கொண்டுவரும் கருவி யாரும் இல்லை, நீங்கள்தான். கம்பைலர் ஒரு .ஹெச் கோப்பு இல்லை என்றால் டெபியனில் ‘ஏபிடி-ஃபைல் சர்ச்’, ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ப்ரோவைட்ஸ்’ எந்தப் பேக்கேஜ் என்று காட்டும். லைப்ரரி ஏற்கெனவே இருந்தும் பிழை வந்தால், உங்களிடம் இருப்பது ஓடத் தேவையான பேக்கேஜ், கம்பைல் செய்யத் தேவையான -டெவ் பேக்கேஜ் இல்லை. கான்ஃபிகர் பிழையின் உண்மைக் காரணம் திரையில் இருக்காது, கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து ‘எரர்’ என்று தேடுங்கள். புதிதாக -டெவ் பேக்கேஜ் போட்ட பின்பும் சிமேக் பழையதையே சொன்னால் சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பழைய திட்டங்கள் இன்று விழுவதற்குப் பெரும்பாலும் கருவிகள் கண்டிப்பானதே காரணம். 2025ல் வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய சிமேக்குக்கு எழுதிய திட்டங்களை ஏற்காது; -டி சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம்=3.5 கொடுத்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். ஜிசிசி 14 முதல், அறிவிக்காமல் ஒரு ஃபங்ஷனை அழைப்பது பிழை. முன்பு எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஜிசிசி 15ன் இயல்பு சி23 என்பதால் பூல் என்ற பெயரைத் தாமே வரையறுத்த பழைய நிரல்கள் உடையும்; சிஃபிளாக்ஸ் மாறியில் -எஸ்டிடி=ஜிஎன்யூ17 கொடுங்கள். ‘கில்டு சிசி1ப்ளஸ்’ என்று பார்த்தால் நிரலில் குற்றமில்லை, ராம் தீர்ந்துவிட்டது. -ஜே எண்ணைக் குறையுங்கள். நிறுவியபின் ‘ஷேர்டு லைப்ரரி’ திறக்க முடியவில்லை என்றால் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’. ஃபெடோரா வகைகளில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் பாதையை எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பாக எழுதிய பிறகு.

ஜாவா திட்டமானால், இருக்கும் கிரேடிள்டபிள்யூ அல்லது எம்விஎன்டபிள்யூ கோப்பையே ஓட்டுங்கள், சிஸ்டம் கிரேடிளை அல்ல. ‘கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்’ எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு: 61 என்றால் 17, 65 என்றால் 21.

நீக்குவது

கார்கோ, பிப்எக்ஸ், யுவி, என்பிஎம் நான்கிலும் அன்இன்ஸ்டால் உண்டு. கோ மொழியில் அது கிடையாது; ~/கோ/பின் ஃபோல்டரில் அந்தக் கோப்பை அழித்தால் முடிந்தது. எங்கிருந்து வந்தது என்று மறந்திருந்தால் ‘கோ வெர்ஷன் -எம்’ அந்தப் பைனரியின் முகவரியையும் பதிப்பையும் காட்டும். ~/கோ/பிகேஜி/மாட் ஃபோல்டரைக் கையால் அழிக்கப் பார்த்தால் அனுமதி மறுக்கும், கோப்புகள் வாசிக்க மட்டும் என்று வைக்கப்பட்டிருப்பதால். ‘கோ கிளீன் -மாட்கேஷ்’ போடுங்கள்.

சிமேக் தன் பில்ட் ஃபோல்டரில் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்.டிஎக்ஸ்டி எழுதி வைக்கும். அந்தப் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸ் மூலம் ஆர்எம்முக்கு அனுப்பலாம், அதற்கு முன் ஒருமுறை கண்ணால் படித்துவிட்டு. ‘மேக் அன்இன்ஸ்டால்’ எல்லாத் திட்டத்திலும் இருக்காது, இருந்தாலும் அதே சோர்ஸ் ஃபோல்டர் வேண்டும். அதனால் நிறுவும்போதே ப்ரீஃபிக்ஸை /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ ஃபோல்டருக்குள் திட்டத்தின் பெயரில் கொடுத்து, குனு ஸ்டோ மூலம் இணைத்துக்கொள்ளுங்கள். நீக்கும் நாளில் ‘ஸ்டோ -டி’ (பெரிய எழுத்து டி) கொடுத்துவிட்டு அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் எச்சம் இருக்காது. ஸ்டாக், கபால் இரண்டிலும் பைனரியை அழித்தாலும் ~/.ஸ்டாக், ~/.கபால் (கபால் 3.10 முதல் பல கணினிகளில் ~/.லோக்கல்/ஸ்டேட்/கபால்) ஃபோல்டர்களில் உள்ள ஜிகாபைட்டுகள் அப்படியே கிடக்கும். ஹாஸ்கல் கருவி வேறெதுவும் கம்பைல் செய்யப்போவதில்லை என்றால் அவற்றையும் அழித்துவிடலாம். ஆனால் முதலில் ‘எல்எஸ் -எல்’ போட்டு, கபால் பின் ஃபோல்டரில் வைத்திருப்பது அந்த ஃபோல்டரின் ஸ்டோருக்குள் (கம்பைல் ஆனவை சேரும் இடம்) சுட்டும் சிம்லிங்க்தானா என்று பாருங்கள். அப்படியானால் ஸ்டோரோடு மிச்சமுள்ள ஹாஸ்கல் கருவிகளும் போய்விடும்.